செண்டுமல்லிக்கு ரிஜெக்ட் டேக்

பூவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. பறித்துத் தலையில் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. பூவைப் பார்த்து "உன் கலர் சரியில்ல, போ" என்று திருப்பி அனுப்பிய ஒரே மனிதர் எங்கள் ஷேடு கார்டுதான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மட்டுமில்லை, ஆண்டவன் படைத்த இந்தப் பூலோகத்திலேயே அப்படி இன்னொரு பிறவி கிடையாது. கிடையாததும் நல்லதுதான். ஒன்றையே என்னால் தாங்க முடியவில்லை.

நான் அப்போது ஓர் இரும்பு வார்ப்புக் கம்பெனியில் அட்மின் ஆபீசர். பெயர்தான் ஆபீசர். கேன்டீன் சாம்பாரில் உப்பு கூடினாலும், பாத்ரூம் குழாய் ஒழுகினாலும், கேட்டோரம் நாய் குட்டி போட்டாலும் எல்லாரும் தேடி வருவது என்னைத்தான். தோட்டமும் அப்படித்தான் என் தலையில் விழுந்தது. தோட்டத்தோடு இலவச இணைப்பாக இவரும் விழுந்தார்.

அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் பெயின்ட் ஷாப்பில் ஸ்ப்ரே கன் பிடித்தவர். நெஞ்சு கெட்டுப்போய், ஆரம்பித்தால் நிற்காத இருமல். "இனி பெயின்ட் பக்கமே போகக் கூடாது, லேசான வேலை கொடுங்கள்" என்று கம்பெனி டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் கம்பெனியில் லேசான வேலை இரண்டே இரண்டு. ஒன்று கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுவது, இன்னொன்று தோட்டம். கேட்டில் ஏற்கெனவே மூன்று பேர் லேசாக உட்கார்ந்திருந்தார்கள். அதனால் இவர் தோட்டத்துக்கு வந்தார். ரிட்டயராக நாலு வருஷம் பாக்கி. இதுவும் போனால் வீடுதான். இருமுகிற ஆளை வேறு எந்தக் கம்பெனி எடுக்கும்?

முதல் நாள் மண்வெட்டியோடு வருவார் என்று பார்த்தேன். கையில் ஓர் அட்டையோடு வந்தார். பெயின்ட் கடைக்குப் போனால் கலர் தேர்வு செய்ய மடிப்பு மடிப்பாக ஓர் அட்டை நீட்டுவார்களே, கட்டம் கட்டமாகக் கலரும் கீழே நம்பரும் போட்டு, அதே ஷேடு கார்டு. ஓரமெல்லாம் நைந்துபோய்ச் செலோடேப் ஒட்டியிருந்தது. அவருக்கு அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

"இன்னா கலர் வேணும் மேடம்?"

"எதுக்குண்ணா?"

"தோட்டத்துக்கு."

"பச்சை" என்றேன். தோட்டம் வேறு என்ன கலரில் இருக்கும்?

என்னை மேலும் கீழும் பார்த்தார். "பச்சையில முப்பத்தாறு கீது மேடம். எது?"

அன்றைக்கே நான் டிரான்ஸ்பர் கேட்டிருக்க வேண்டும்.

இதில் பெரிய கூத்து என்ன தெரியுமா? இந்தக் கலர் மகாராஜா பத்தொன்பது வருஷமும் அடித்தது ஒரே ஒரு கலர். ரெட் ஆக்சைடு. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க முதலில் பூசுகிற ப்ரைமர், செங்காவி. காலையில் செங்காவி, சாயங்காலம் செங்காவி, பொங்கலுக்கு முந்தின நாளும் செங்காவி. ஆயுசு முழுக்க உப்புமா மட்டும் கிண்டின ஆள் கல்யாணச் சமையலுக்கு மெனு போட வந்த மாதிரி இருந்தது எனக்கு. அதை முகத்துக்கு நேராகவே சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"கார்டுல இத்தினி கலர் கீது மேடம். எனக்கு ஒண்ணுதான் குட்த்தாங்க. நான் இன்னா பண்றது?" என்றார், கோபமே இல்லாமல்.

கோபப்படாதவர்களிடம் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

செடி வாங்கப் போன கதையைக் கேளுங்கள். கவரைப்பேட்டை பக்கம் ஹைவேயை ஒட்டி ஒரு நர்சரி. கம்பெனி டெம்போவில் நானும் போனேன், அரை மணியில் முடித்துவிடலாம் என்ற மூடநம்பிக்கையில். இவர் ஒவ்வொரு பூ பக்கத்திலும் கார்டை வைத்து, ஒரு கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, தொட்டியோடு தூக்கி வெயிலில் வைத்துப் பார்த்து, நிழலில் வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். நர்சரிக்காரம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னா நைனா, செடி வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? ஜாதகம் மாதிரி ஒரு அட்டைய வெச்சிக்கினு ஒவ்வொண்ணு மூஞ்சியா பாத்துக்கினு கீற!"

"இந்த வெள்ள, வெள்ள இல்லமா. மஞ்ச கலந்துக்கீது."

"யோவ், அது வெயிலு!"

"அப்ப மேகம் வர்ற வரைக்கும் நிக்கறேன்."

நின்றார். சித்திரை மாசம். கத்திரி வெயிலில் மேகத்துக்குக் காத்துக்கொண்டு நின்ற மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நர்சரிக்காரம்மா எனக்கு மோர் கொடுத்து, "ஊட்டுக்காரம்மா எப்படித்தான் இத்தோட குடும்பம் நடத்துதோ, பாவம்" என்று என் காதில் சொன்னார். டிரைவர் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து, வண்டியைத் துடைத்தும் முடித்துவிட்டார். கடைசியில் நாங்கள் ஏற்றிக்கொண்டு வந்தது நந்தியாவட்டைச் செடி இரண்டு. ஒரு டெம்போ நிறைய இரண்டு! வழி நெடுக அவை ஆளுக்கொரு மூலையில் உருண்டுகொண்டு வந்தன.

அந்த இரண்டையும் உலைக்களத்துப் பக்கம், தூரத்து மதில் ஓரமாக நட்டார். பிறகு நாலைந்து மாசம் வெறும் பச்சை. புல், புதர், இலைச்செடி, அவ்வளவுதான். எங்கள் ஜி.எம். ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார்.

"எங்கேய்யா பூ?"

"ப்ரைமர் காயணும் சார். அப்பறம்தான் ஃபினிஷ்."

ஜி.எம். என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

எங்கள் பேட்டையில் வானத்தைப் பார்த்தால் கண்ணில் கரிதான் விழும். மூன்று நாள் விட்டால் வெள்ளைப் பூவும் சாம்பல் பூவாகிவிடும். அதனால் இவர் தினமும் காலையில் நாஷ்டாவைக்கூடத் தள்ளிப்போட்டுவிட்டு, ஈரத் துணியால் இலை இலையாகத் துடைப்பார். "என்னண்ணா, செடிக்கு மேக்கப்பா?" என்று நான் கேட்காத நாள் இல்லை. "தூசி மேல கலர் பாத்தா கணக்கு தப்பாப் பூடும் மேடம்" என்பார். சொல்லிவிட்டு என் புடவையைப் பார்ப்பார். "இந்தப் பொடவைக்கு அந்த ரவிக்கை ரெண்டு நம்பர் தள்ளிக்கீது." என் வீட்டுக்காரர்கூட இத்தனை வருஷத்தில் என் ரவிக்கை என்ன கலர் என்று பார்த்ததில்லை. இவருக்கு நம்பர் தெரிகிறது! அந்த ஆத்திரத்தில் ஒரு வாரம் கறுப்பு ரவிக்கையே போட்டுக்கொண்டு போனேன்.

இதெல்லாம் போகட்டும் என்று விடலாம். அடுத்து ஒன்று செய்தார் பாருங்கள்.

எங்கள் கம்பெனியில் வார்ப்பு ஒவ்வொன்றையும் சோதித்துவிட்டு, கம்பியில் ஓர் அட்டை கோத்துக் கட்டுவார்கள். பச்சை டேக் என்றால் ஓகே. மஞ்சள் என்றால் ஹோல்டு, இன்னும் முடிவு தெரியவில்லை என்று அர்த்தம். சிவப்பு என்றால் ரிஜெக்ட். சோதனைப் பிரிவில் யாரையோ காக்கா பிடித்து இவர் மூன்றிலும் ஒரு கட்டு வாங்கி வந்துவிட்டார். ஒரு திங்கட்கிழமை காலையில் நான் வந்து பார்க்கிறேன், தோட்டம் முழுக்க டேக் தொங்குகிறது. டிசம்பர் பூவுக்குப் பச்சை. வெள்ளை என்று சொல்லி வாங்கி ரோஸாகப் பூத்த நித்தியகல்யாணிக்குச் சிவப்பு. பூக்காத செடிக்கெல்லாம் மஞ்சள்.

"இது என்னண்ணா?"

"மொட்டு மேடம். இன்னா கலர் வரும்னு தெரியல. ஹோல்டு."

அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பினால், என் ஸ்கூட்டர் ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சள் டேக்.

"என் வண்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

"வண்டிக்கு இல்ல மேடம். உங்களுக்கு."

"எனக்கா? என்னை ஹோல்டுலயா வெச்சிருக்கீங்க?"

"நீங்க வந்து ஒரு வருஷங்கூட ஆவல. இன்னும் தெரியல மேடம்."

பிய்த்து அவர் காலடியிலேயே எறிந்துவிட்டுப் போனேன். இந்த ஆள் என் கையால்தான் வீட்டுக்குப் போகப் போகிறார் என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன்.

வேளையும் தானாகவே வந்தது. பெரிய வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து, எங்கள் தரத்தைச் சோதிக்க ஆடிட்டர் வருவதாகத் தகவல். ஜி.எம்.முக்கு ஒரு யோசனை உதித்தது. எங்கள் கம்பெனி லோகோ ஓர் ஆரஞ்சு தீச்சுடர். உலைக்கள வாசலுக்கு நேர் எதிரே, அந்தச் சுடரையே செண்டுமல்லியில் பாத்தி கட்டிவிட்டால் ஆடிட்டர் அசந்துபோவார் என்று நினைத்தார். ஷேடு கார்டோ அந்த இடத்துக்குச் சங்குப்பூ, டிசம்பர் பூ, நந்தியாவட்டை என்று நீலமும் வெள்ளையுமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

"அங்க ஆரஞ்சு வாணாம் சார்" என்றார்.

"ஏன்?"

"ஷேடு தப்பு சார்."

"கம்பெனி லோகோவே தப்புங்கறியாய்யா? சொன்னதைச் செய்!"

தலையாட்டிவிட்டுப் போய் நட்டார். தண்ணீர் ஊற்றினார். இலை துடைத்தார். செண்டுமல்லியும் பழிவாங்குகிற மாதிரி பொங்கிப் பூத்தது. தலையாட்டுகிற ஆளை நம்பக் கூடாது என்று எனக்கு அப்போது தெரியாது.

ஆடிட்டர் வந்தார். லீவு நாளில்கூடச் சிரிக்காத முகம். ஆபீஸ், மோல்டிங், சோதனைப் பிரிவு எல்லாம் பார்த்தார். ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜி.எம். முகத்தில் பெருமை வழிய, "வாங்க சார், இப்படி" என்று உலைக்கள வாசலுக்குக் கூட்டிப் போனார். நானும் பின்னால் போனேன். சுடர் தகதகவென்று இருந்தது. அதில் ஒவ்வொரு செடியிலும் ஒரு சிவப்பு டேக், காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஒன்று விடாமல், வரிசையாக, ரிஜெக்ட், ரிஜெக்ட், ரிஜெக்ட்.

"இது என்ன?" என்றார் ஆடிட்டர்.

"பூ சார்" என்றார் ஜி.எம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பூன்னு தெரியுது. ரிஜெக்ட் ஆன பொருளைத் தனி ரூம்ல பூட்டி வைக்கணும்னு உங்க புரொசீஜர்லயே எழுதியிருக்கீங்க. இது ஏன் திறந்த வெளியில இருக்கு? ரிஜிஸ்டர்ல ஏத்தியிருக்கா?"

"சார், இது செடி..."

"டேக் உங்களோடதுதானே?"

"ஆமா சார்."

"அப்ப பொருளும் உங்களோடதுதான்." எழுதிக்கொண்டார். இரும்பில் ஒரு குறை சொல்ல முடியாத கம்பெனிமேல் செண்டுமல்லியால் ஒரு குற்றம் பதிவானது.

ஆடிட்டர் சாப்பிடப் போனதும் ஜி.எம். என் மேஜையில் ஓங்கி அடித்தார். "சாயங்காலம் அவர் கிளம்பறதுக்குள்ள பதில் ரிப்போர்ட் வேணும். மூல காரணம் அந்தாளுதான்னு எழுது. அதை வெச்சே வீட்டுக்கு அனுப்பிடலாம். போதும் இந்தப் பேஜாரு!"

எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. மறைப்பானேன், உள்ளுக்குள் குஷியாகவே இருந்தது.

அந்த ரிப்போர்ட்டுக்கு ஒரு முறை உண்டு. தப்பு நடந்த இடத்துக்கே போய், செய்தவரிடம் ஐந்து தடவை 'ஏன்' என்று கேட்க வேண்டும். ஐந்தாவது பதில்தான் மூல காரணம். ஃபாரத்தை எடுத்துக்கொண்டு இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போனேன். அவர் பாத்தியில் குந்தியிருந்தார். தன் கையால் ரிஜெக்ட் செய்த செடிகளின் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்ணா ரெட் டேக் கட்டினீங்க?"

"ஷேடு தப்பு மேடம்." எழுதினேன்.

"ஏன் தப்பு?"

"ஆரஞ்சு." எழுதினேன்.

"ஆரஞ்சு ஏன் தப்பு?"

"ஆரஞ்சு தப்பில்ல மேடம். ஆபீசாண்ட வெச்சா அம்சமா இருக்கும். இங்க தப்பு."

"இங்க ஏன் தப்பு?" பேனா பேப்பரைக் கிழித்துவிடும்போல அழுத்தினேன்.

"ரெண்டாவப் போவுது. கொஞ்சம் நில்லுங்க" என்றார்.

சங்கு ஊதியது. உலைக்களக் கதவு திறந்து முதல் ஷிப்ட் ஆட்கள் வெளியே வந்தார்கள். கரி அப்பிய முகம், நெற்றிமேல் தூக்கிவிட்ட நீலக் கண்ணாடி. வாசலைத் தாண்டியதும் எதிரே தகதகக்கிற செண்டுமல்லியைப் பார்த்தார்கள். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தர் வெல்டிங் பொறிக்கு மறைக்கிற மாதிரி கையைக் கண்ணுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டார். பாத்தியைச் சுற்றிக்கொண்டு நேரே தூரத்து மதிலுக்குப் போனார்கள். அங்கே டெம்போவில் வந்த அந்த இரண்டு நந்தியாவட்டையும், மதில்மேல் ஏறிய சங்குப்பூக் கொடியும் இருந்தன. எல்லாரும் அதைப் பார்த்தபடி வரிசையாகக் குந்திக்கொண்டார்கள். சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாவது ஏன்-ஐ நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"எட்டு மணி நேரம் உள்ள நெருப்ப பாத்துக்கினு கெடக்கறாங்க. வெளிய வந்தா மொதல்ல கண்ல பட்றதும் அதே கலரா மேடம்? நான் பெயின்ட் ஷாப்ல இருந்து வரசொல்ல எதிர்ல ஃபயர் பக்கெட்டு மாட்டி வெச்சிருப்பாங்க. உள்ளயும் செவப்பு, வெளியவும் செவப்பு. பத்தொம்போது வருஷம் கண்ண எங்க வெக்கறதுன்னே தெரியல எனக்கு." அதற்குமேல் இருமல் பேசவிடவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வாசலைத் தினமும் நாலு தடவை கடக்கிறவள் நான். அவர்கள் வெளியே வந்து எங்கே பார்க்கிறார்கள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அதற்காக அங்கேயே உருகி ஓடிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

"இதை அன்னிக்கே ஜி.எம். கிட்ட வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? ஏன் சொல்லலை?" என்று கத்தினேன்.

"ஷேடு தப்புன்னு சொன்னனே மேடம்" என்றார்.

இந்த மாதிரி ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆபீசுக்கு வந்து எழுதினேன். மூல காரணம்: செண்டுமல்லி தவறான இடத்தில் நடப்பட்டது. நிவாரணம்: அதை ஜி.எம். அறை ஜன்னலுக்கு எதிரே மாற்றி, உலைக்கள வாசலில் நீலமும் வெள்ளையும் நடுவது. பொறுப்பாளர் என்ற கட்டத்தில் ஷேடு கார்டின் முழுப் பெயரையும் எழுதினேன். அந்தப் பெயரை நான் எழுதியது அதுவே முதல் தடவை. மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் எழுதினேன்.

ஜி.எம். படித்தார். "அவன் பேரு காரணத்துல இல்ல, பொறுப்புல இருக்கு?"

"ஆமா சார். ஆடிட்டருக்குப் போற பேப்பர். சரி பண்ற ஆளையே நாம அனுப்பிட்டோம்னா, அடுத்த தடவை அதுக்கு ஒரு குத்தம் எழுதுவாரு."

ஜி.எம்.முக்குக் கடவுள் பயம் கொஞ்சம், ஆடிட்டர் பயம் அதிகம். தன் ஜன்னலுக்கு நேரே லோகோ பூக்கப்போவதும் அவருக்கு இனித்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் விஷயம் தெரிந்து ஷேடு கார்டு என் அறைக்கு வந்தார். சரி, கையெடுத்துக் கும்பிடப் போகிறார், "அதெல்லாம் எதுக்குண்ணா" என்று பெரிய மனதோடு சொல்ல வேண்டும் என்று தயாராக உட்கார்ந்தேன். என்னை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இன்னிக்கு ரவிக்கை ஒரு நம்பர்தான் மேடம் தள்ளிக்கீது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நன்றி கெட்ட ஜென்மம் என்று அன்று முழுக்கத் திட்டினேன். சாயங்காலம் ஸ்கூட்டரை எடுக்கப் போனால் ஹேண்டில்பாரில் பச்சை டேக். இரட்டை முடிச்சு. சோதித்தவர் என்ற இடத்தில் கோணல்மாணலாக அவர் கையெழுத்து. குறிப்பு என்ற இடத்தில் 'ஷேடு ஓகே.'

அவர் நாலு வருஷத்தையும் தோட்டத்திலேயே முடித்து ரிட்டயராகி, இப்போது ஆரணியில் வீட்டோடு இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு என்ன பெயின்ட் அடிப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருப்பார்கள், பாவம். நானும் திருவள்ளூர் பக்கம் வேறு கம்பெனிக்கு வந்துவிட்டேன். வண்டி மட்டும் அதே வண்டி.

போன வாரம் சர்வீசுக்கு விட்டிருந்தேன். மெக்கானிக் கட்டிங் பிளேயரோடு ஹேண்டில்பார் பக்கம் குனிந்தார். "இன்னா மேடம் இது, வெளுத்துப் போயி குப்ப மாதிரி தொங்குது. வெட்டிடட்டா?"

"கையை எடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. பாஸான பொருளிலிருந்து டேக்கை அவிழ்க்கக் கூடாது, அது புரொசீஜர் என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மை அதுவல்ல. மேகம் வருகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு என்னை ஓகே என்று சொன்னவர் அவர் ஒருத்தர்தான்.